உருண்டையின் கழுத்துப்பட்டை

அந்தத் தெருவில் தையல்கார அக்காவுக்கு ‘எப்போ அக்கா’ என்று இன்னொரு பேர் உண்டு. நாய்க்குட்டியோடு யார் கடையைத் தாண்டினாலும் ஓடுகிற மிஷினை நிறுத்தி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, “அடுத்த ஊசி எப்போ?” என்று கேட்பாள். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு யாருக்காவது அளவெடுத்துக்கொண்டிருந்தாலும் சரி, ஊசிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டுக் கேட்பாள். புதிதாகக் குடிவந்தவர்கள், ‘என் நாய்க்கு இவள் ஏன் காவல் காக்கிறாள்’ என்று முகத்தைச் சுளிப்பார்கள். பழையவர்கள் சுளிப்பதில்லை. அவர்களுக்கு உருண்டையைத் தெரியும்.

அவளுக்கு ஒரே தம்பி. அம்மா வேலைக்குப் போன காலத்தில் அவனைக் குளிப்பாட்டித் தலைவாரிப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதெல்லாம் அவள்தான். சொல்வது என்பது அவளுக்கு மூச்சு விடுவதைப்போல. அவனுக்குக் காதோரம் நரைத்த பிறகும் விடவில்லை. ஒரே தகரக் கூரைக்குக் கீழே, இடது பக்கம் அவளுடைய தையல்கடை, வலது பக்கம் அவனுடைய இஸ்திரிக்கடை, நடுவே பலகைத் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்தே, “குனிஞ்சு தேய்க்காதே, முதுகு போயிடும்”, “அந்தப் பட்டுச் சட்டைக்குச் சூட்டைக் குறை” என்று குரல் போய்க்கொண்டே இருக்கும். அவனும் “சரி, சரி” என்று சொல்லிவிட்டுத் தன் இஷ்டப்படி தேய்ப்பான்.

அம்மா படுக்கையில் விழுந்தபோது எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், எந்த வேளைக்கு யார் துணை என்பதையெல்லாம் அக்காவே முடிவு செய்தாள். கடைசி நாளன்று தம்பி அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தான். “நீ ரெண்டு நாளாத் தூங்கல. வீட்டுக்குப் போய்ப் படு. நான் பாத்துக்கறேன்” என்றாள் அக்கா. அவன் மறுத்தான். அவள் அதட்டினாள். அவன் போனான். அவன் வீடு போய்ச் சேர்வதற்குள் அம்மா போய்விட்டாள்.

காரியங்கள் முடிந்ததும் அவன் அக்காவிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். “இனிமே எனக்கு நீ எதையும் சொல்லாதே.”

அவளும் சொல்லவில்லை. பேச்சு நின்றது. கடைகள் மட்டும் பிரியவில்லை, கூரை ஒன்றாயிற்றே. இங்கே தைத்த கால்சட்டையை அங்கே தேய்க்கக் கொடுப்பவர்கள்தான் தபால்காரர்கள் ஆனார்கள். “உங்க அக்கா இதுல மடிப்பு வேணாம்னாங்க” என்று ஒருவர் சொன்னால், “அந்தப் பக்கத்துக்காரம்மாகிட்ட, தேய்க்கத் தெரியும்னு சொல்லுங்க” என்று பதில் வரும். காய்கறிக்காரி ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டாள்: “உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தந்திக் கம்பியா? இந்த வெண்டைக்காய்கூட ரெண்டு நாள்ல முத்திப்போயிடுது. உங்க கோவம் மட்டும் முத்தவும் மாட்டேங்குது, உதிரவும் மாட்டேங்குது.”

இப்படியே சில வருஷங்கள் ஓடின.

தெருமுனையில் மூடிப்போன தபால் அலுவலகத்தின் பின்னறையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு டாக்டரம்மா நாய், பூனைகளுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். பெரிய சாலையில் கண்ணாடிக் கதவு போட்ட மிருக ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அதற்குள் காலை வைப்பதற்கே தெரு ஜனங்களுக்குப் பயம். டாக்டரம்மா வாங்கியதோ ஒரு சட்டைக்குப் பொத்தான் மாற்றுகிற கூலிதான். குடற்புழு மருந்தும் அதற்குள் அடக்கம். ஒரு மேஜை, ஒரு குளிர்பெட்டி, ஒரு பெஞ்சு, நாயைப் பிடிக்க ஒரு கம்பவுண்டர். அவ்வளவுதான் ஆஸ்பத்திரி.

பெரிய நாய்களால் தொல்லை இல்லை. வருஷத்துக்கு ஒரு ஊசி. தொல்லை குட்டிகளால்தான். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச்சக்தி ஊசி மருந்தை மழுக்கிவிடும், குட்டிக்கு ஒரு ஊசி நிற்காது. சில வார இடைவெளியில் மூன்று போட்டால்தான் உடம்பில் பிடிக்கும். முதல் ஊசிக்கு ஆசையாய் ஓடிவருகிற ஜனங்கள் இரண்டாவதற்கு வருவதில்லை. டாக்டரம்மா அட்டை எழுதிக் கொடுத்துப் பார்த்தார். அட்டை மழையில் நனைந்தது, அடுப்பில் எரிந்தது. பாதியைக் குட்டிகளே தின்றுவிட்டன.

தன் வெள்ளைக் கோட்டின் கிழிந்த பையைத் தைக்க வந்த டாக்டரம்மா இந்தக் கஷ்டத்தைச் சொல்லிப் புலம்பியபோது, தையல்கார அக்கா கேட்டுக்கொண்டே வெட்டுத்துணிப் பெட்டியில் கையை விட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பை நிறையக் கழுத்துப்பட்டைகளோடு போய் நின்றாள். இரட்டைத் துணி, கழுத்து பருக்கப் பருக்க விரிய, பின்னால் எலாஸ்டிக், முன்னால் பொத்தான் நுழைய வரிசையாக மூன்று காஜாக்கள். ஒவ்வொரு ஊசி போட்டதும் கம்பவுண்டர் அடித்துணியில் ஒரு பொத்தானைத் தைத்து அந்தக் காஜாவை மூட வேண்டும். காஜா திறந்து கிடந்தால் ஊசி பாக்கி. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் தெருவின் அந்தக் கோடியிலிருந்தே தெரியும்.

இரண்டாவது ஊசிக்கு வராத குட்டிகளைத் தேடிக் கம்பவுண்டர் தெருத்தெருவாகப் போவார். கழுத்தில் ஓட்டை தெரிகிறதா என்பதுதான் அவருக்கு அடையாளம். “நாய்க்கும் ஊசி, பட்டைக்கும் ஊசி. என் பாடு மட்டும் ஊசிப்போன சோறு” என்பார். நோயில் செத்த குட்டிகளைச் சாக்கில் கட்டி எடுத்துப்போகும் காட்சி அந்தத் தெருவில் அருகிப்போனது.

அப்போதுதான் உருண்டை வந்தது.

ஒரு மழைக்காலக் காலையில் தம்பி கடையைத் திறந்தபோது, துணிமூட்டைக்கும் சுவருக்கும் நடுவே சுருண்டு கிடந்தது. பழுப்பு நிறம். வயிறும் முதுகும் எங்கே பிரிகின்றன என்று தெரியாத உடம்பு. பேர் வைக்க யோசிக்கவே தேவைப்படவில்லை. இரண்டே நாளில் அது தடுப்பில் ஆடிக்கொண்டிருந்த அடிப்பலகையைக் கண்டுபிடித்தது. மூக்கால் முட்டினால் பலகை விலகும், உருண்டை அந்தப் பக்கம் போகும். அங்கே வெட்டுத்துணி, இங்கே இஸ்திரிச் சூடு. காலையெல்லாம் அக்காவின் காலடியில் நூல்கண்டோடு மல்லுக்கட்டும். மத்தியானமானால் தம்பியின் மூட்டைமேல் தூக்கம். இரண்டு பக்கமும் சாப்பாடு கிடைத்ததால் உருண்டை மேலும் உருண்டையாயிற்று.

ஒருநாள் அது ஒரு ரவிக்கையின் கையைக் கவ்விக்கொண்டு தம்பி பக்கம் போய்விட்டது. மறுநாள் கொடுக்கவேண்டிய ரவிக்கை. யாரை அனுப்பிக் கேட்பது என்று அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பலகை விலகியது. கை ஒன்று ரவிக்கைத் துணியை நீட்டியது.

“அக்கா, உன் துணியைக் கொண்டாந்துட்டான். கொஞ்சம் எச்சிலாயிருக்கு. தேய்ச்சிருக்கேன்.”

அவள் வாங்கிக்கொண்டாள். “நல்லா இருக்கு” என்றாள். அன்று முழுவதும் அவளுக்கு மிஷின் நேராக ஓடவில்லை.

அதன்பிறகு பேச்சு வந்தது. கால் ஊன்றப் பயந்த நோயாளியைப்போல, மெதுவாக. உருண்டை தின்றதா, உருண்டை எங்கே, மழை வருமா. அதற்குமேல் போகாது. அவள் ஒவ்வொரு வார்த்தையையும் வாயிலேயே ஒருமுறை தைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவாள். ‘போடு’, ‘செய்’, ‘போ’ என்று முடிகிற எதையும் பிரித்துவிடுவாள்.

ஞாயிறு காலைகளில் தம்பி சைக்கிளில் துணி கொடுக்கப் போய்விடுவான். அப்படி ஒரு ஞாயிறு, கிளம்புமுன் குட்டியைப் பலகை வழியாகத் தள்ளிவிட்டு, “இன்னிக்கு அங்க ஊசி போடறாங்களாமே” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான். அவளுக்குப் புரிந்தது. அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா ஊசி போட்டார். உருண்டை கத்தவில்லை, அவர் கோட்டுப்பையை முகர்ந்தது. “இது முதல் ஊசிதான். இன்னும் ரெண்டு இருக்கு, மறந்துடாதீங்க. நடுவுல விட்டா போட்டதும் வீண்” என்றார். கம்பவுண்டர் பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்தார்.

“வேணாம். இவனுக்கு நான் தனியாத் தைக்கறேன்” என்றாள் அக்கா.

“பொத்தான் ஒண்ணுதான் வைக்கணும், தெரியுமில்ல?”

“யாருக்கு யார் சொல்லித்தர்றது!”

கம்பவுண்டர் காதைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அன்று சாயங்காலம் அவள் பீரோவைத் திறந்து அம்மாவின் போர்வையை எடுத்தாள். அதன் ஓரத்தில் இருந்த நீலக் கரையை வெட்டினாள். அவள் கையால் அதற்குமுன் அவ்வளவு கவனமாக எதையும் தைத்ததில்லை. காஜாக்களை மிஷினில் போடாமல் கையாலேயே போட்டாள். ஒரு பொத்தான் வைத்தாள். விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தாள்.

இரண்டு காஜாக்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றன.

‘பொத்தான் இல்லாத காஜா கண்ணில்லாத முகம்’ என்பது அவளுடைய பேச்சு. பொத்தானை நானே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லும் வாடிக்கைக்காரருக்குக்கூடத் தன் டப்பாவிலிருந்து வைத்துத்தான் சட்டையைக் கொடுப்பாள். ஊர் நாய்களுக்குப் பை பையாக ஓட்டைப் பட்டை அனுப்பினாளே, அது வேறு. இது தம்பி வீட்டுக்குப் போவது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவனுக்கென்று அவள் தைத்த முதல் பொருள். அதுமட்டுமல்ல. அந்த இரண்டு ஓட்டைகளையும் பார்க்கப் பார்க்க, அவை அவனைப் பார்த்து, ‘இன்னும் நீ செய்யவேண்டியது இருக்கு, மறக்காம செய்’ என்று சொல்வதாகவே அவளுக்குப் பட்டது. அவன் எதைச் சொல்லாதே என்றானோ அதையே துணியில் தைத்து அனுப்புவதா?

டப்பாவைக் கவிழ்த்தாள். ஒரே மாதிரி இன்னும் இரண்டு பொத்தான்களைத் தேடி எடுத்தாள். மூன்றும் மூடின. பட்டை அழகாக இருந்தது. அடுத்த ஊசி அவனுக்கே தெரியும், டாக்டரம்மாதான் தெருவுக்கே சொல்கிறாரே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் உருண்டை புதுப்பட்டையோடு பலகையைத் தாண்டிப் போனது. தம்பி குனிந்து, நீலத் துணியை விரலால் தடவினான். எந்தப் போர்வை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டான். தான் துணி கொடுக்கப் போன முந்தைய ஞாயிறுகளிலும் அக்கா சத்தமில்லாமல் குட்டியைக் கூட்டிப்போய், நேற்றோடு மூன்றையும் முடித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான். கேட்கவில்லை. கேட்டால் நன்றி சொல்லவேண்டியிருக்கும். அதற்கு அவன் இன்னும் தயாராகவில்லை.

இரண்டாவது ஊசிக்கான ஞாயிறு வந்தது. தம்பி சைக்கிளை எடுத்தான். குட்டியைத் தள்ளிவிடவும் இல்லை, சுவரிடம் எதையும் சொல்லவும் இல்லை. அக்கா மிஷினில் காலை வைத்தபடி கேட்கலாமா என்று பார்த்தாள். ‘டேய், இன்னிக்கு ரெண்டாவது’ என்பது நாக்கு நுனி வரை வந்தது. அவன் சொன்னதால்தான் போன தடவை போனோம். சொல்லாமல் தூக்கிக்கொண்டு போனால் பழைய அதிகாரம் என்பான். அடுத்த வாரம் அவனே போவான்.

நூல் வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பினாள். அவள் போன பிறகு கம்பவுண்டர் வந்தார். இஸ்திரிக்கடை வாசலில் உருண்டை மல்லாந்து கிடந்தது. கழுத்தில் மூன்று பொத்தான். “முடிச்சிட்டியா பெரிய மனுஷா!” என்று வயிற்றைத் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அடுத்த வாரமும் அவன் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

முதலில் உருண்டையின் கண்ணில் பீளை கட்டியது. பிறகு இருமல். சாப்பாட்டைத் தட்டில் முகர்ந்துவிட்டு விலகிப்போனது. பேருக்கு உருண்டை, எலும்பு எண்ணலாம் என்று ஆனபோது அக்காவும் தம்பியும் கடைகளைப் பூட்டிவிட்டு ஒன்றாக டாக்டரம்மா வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் சேர்ந்து நடந்ததைத் தெரு வாசலுக்கு வந்து பார்த்தது.

டாக்டரம்மா குட்டியின் தாடை தானாக வெட்டி வெட்டி இழுப்பதைப் பார்த்தார். முகம் மாறியது. “இந்த நோயை வராம தடுக்கத்தான் என்கிட்ட மருந்து இருக்கு. வந்தப்புறம் என் கையில பெருசா ஒண்ணுமில்ல” என்றார். பட்டையை விரலால் திருப்பினார். “மூணும் போட்டிருக்கே… அபூர்வமா சில குட்டிக்கு ஊசி பிடிக்காமப் போறதுண்டு. அப்படித்தான் இருக்கணும்.”

தம்பி தலையசைத்தான். அக்கா அங்கேயே நின்றாள். டாக்டரம்மாவே ஒரு மூடியைக் கொடுத்துவிட்டார். அதைப் போட்டு மூடினால் போதும்.

உருண்டை ஒரு மத்தியானம், இஸ்திரிச் சூடு ஆறாத மூட்டையின்மேல், தம்பியின் கைக்குள்ளேயே அடங்கியது. கடைக்குப் பின்னால் புதைத்தார்கள். பட்டையைக் கழற்றி அவன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மூடி போட்டது மூடியபடி இருந்திருக்கும், தம்பி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால். துக்கம் அவனிடம் கோபமாக வந்தது. துணி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான்: “மூணு ஊசியும் போட்டாச்சு. என்ன பிரயோஜனம்? எல்லாம் ஏமாத்து. தண்ணியைக் குத்தி அனுப்பறாங்க.”

“மலிவாக் குடுக்கும்போதே நினைச்சேன்” என்றார் ஒருவர்.

“சும்மாவா சொன்னாங்க, குறைஞ்ச விலையில குதிரை வாங்கினா குளம்பு இருக்காதுன்னு” என்றார் இன்னொருவர். அப்படி யாரும் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. ஆனாலும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

அடுத்த ஞாயிறு அக்கா புதிய பட்டைகளைக் கொடுக்கப் போனபோது பெஞ்சு காலியாக இருந்தது. டாக்டரம்மா குளிர்பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பவுண்டர் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். “எனக்கே புரியல அக்கா. உருண்டை கழுத்துல ஓட்டையே இல்லன்னுதான் அன்னிக்கு விட்டுட்டு வந்தேன். ரெண்டாவது பொத்தானை நான் தைக்கல, நீங்கதான் தைச்சிருப்பீங்க. குட்டியை நான் இல்லாத நேரம் கூட்டிட்டு வந்தீங்களா?” என்று கேட்டார். குறை சொல்லும் குரலில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அவள் பையைப் பெஞ்சின்மேல் வைத்தாள். திரும்பி நடந்தாள். அந்தத் தெருவில் இன்னும் எத்தனையோ குட்டிகளின் கழுத்தில் ஓட்டைகள் திறந்து கிடந்தன. ஒன்றை மறைத்தால் அத்தனையும் போகும். ஒன்றைச் சொன்னால் தம்பி போவான்.

தம்பி கடையில் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் அந்த வாசலில் கால் வைத்து எத்தனையோ வருஷம். காய்கறிக்காரி தன் துணிக்காக நின்றுகொண்டிருந்தாள். அவள் போகட்டும் என்று அக்கா காத்திருக்கவில்லை.

“ஊசி மேல தப்பில்லடா. ஒண்ணுதான் போட்டது. மத்த ரெண்டு பொத்தானும் நானா வச்சது.”

இஸ்திரிப்பெட்டி சட்டையின்மேலேயே நின்றது. துணி கருகும் வாசனை வந்ததும் காய்கறிக்காரிதான் அதை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

“ஏன்?” என்றான் அவன்.

“ஓட்டையா இருந்தா உனக்கு நான் ஏதோ உத்தரவு போடற மாதிரி இருந்துச்சு.”

“அந்த ஞாயித்துக்கிழமை கேட்டிருக்கலாமே. ஒரு வார்த்தை.”

“கோவிச்சுப்பேன்னு பயந்தேன்.”

அவன் கருகிய சட்டையை எடுத்து மடித்து ஓரமாக வைத்தான். பிறகு, அவளைப் பார்க்காமல் சொன்னான்:

“கோவிச்சிருப்பேன். கோவிச்சுக்கிட்டே கூட்டிட்டுப் போயிருப்பேன்.”

அவள் தன் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் தம்பி தெருவில் வீடு வீடாகப் போய் நின்றது அவளுக்குக் காய்கறிக்காரி சொல்லித்தான் தெரியும். எல்லா வாசலிலும் ஒரே பேச்சாம்: “ஊசியில குறையில்ல. எங்க வீட்டுத் தப்பு. குட்டியைக் கொண்டு போங்க.” அவன் ‘அக்கா தப்பு’ என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. ‘எங்க வீடு’ என்றுதான் சொன்னானாம். அதைச் சொல்லும்போது காய்கறிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் கடையைத் திறந்தபோது தடுப்பின் அடிப்பலகையோரம் நீலப்பட்டையின் இரண்டு பொத்தான்கள் இருந்தன. வெட்டி எடுக்கவில்லை, பொறுமையாகப் பிரித்து எடுத்திருந்தான். நூல்கூட அப்படியே இருந்தது. அவள் அவற்றை டப்பாவில் போடவில்லை. வேறெங்கும் வைக்கவும் தெரியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். தடுப்பின் அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. அடிப்பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு அவர்கள் சண்டை போட்டதில்லை. பேசியதும் இல்லை. தம்பி வேறு நாய் வளர்க்கவில்லை. நீலப்பட்டை அவன் கடைச் சுவரில், இரண்டு காஜாக்களும் திறந்தபடி, ஆணியில் தொங்குகிறது. தபால் அலுவலகப் பெஞ்சு மறுபடி நிறைந்தது. அக்கா பட்டைகளை மட்டும் தைத்து அனுப்புகிறாள்; பொத்தான் டப்பாவைக் கம்பவுண்டரிடமே கொடுத்துவிட்டாள். ஊசி எப்போ என்று கேட்பதை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை.

சென்ற மாதம், மாடிவீட்டுக்குப் புதிதாக வந்த ஒருவர் வெள்ளைக் குட்டியைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு போனார். கழுத்தில் இரண்டு ஓட்டைகள்.

“அடுத்த ஊசி எப்போ?”

“உங்களுக்கு எதுக்கும்மா அது? என் நாய், நான் பாத்துக்கறேன். வந்ததிலிருந்து பாக்கறேன், எல்லார் விஷயத்துலயும் மூக்கை நுழைக்கறீங்களே!”

“கோவிச்சுக்கோங்க” என்றாள் அக்கா. “கோவிச்சுக்கிட்டே கூட்டிட்டுப் போங்க. ஆனா போங்க.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். தடுப்புக்கு அந்தப் பக்கம் இஸ்திரிப்பெட்டியின் சத்தம் நின்றது. அவள் மிஷினில் காலை வைக்காமல் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, ஈரத் துணியில் பெட்டி படும் சீறல் மறுபடி கேட்டது. அவளும் தைக்க ஆரம்பித்தாள்.